ஒரு சாண்

டியூக்ஸ்பரியில், செவர்னும் ஏவனும் சேருமிடத்துக்குச் சற்று மேலே,
நாற்பத்தோரு வாசற்படிகளுக்கு உயரம் எடுத்தேன்.
படிக்கு மூன்று நிமிடம்.
கோலை நிறுத்தி, குமிழி நடுவுக்கு வரும்வரை மூச்சைப் பிடித்து.
தலைக்கு மேல் பத்தொன்பது செயற்கைக்கோள்.
பச்சை விளக்கு. அடுத்த படி.

செயற்கைக்கோளுக்குக் கடல் தெரியாது.
அது அறிந்த பூமி மழமழவென்று ஒரு முட்டை,
மலை கிடையாது, ஈரம் கிடையாது.
அந்த ஓட்டிலிருந்து அளந்து
ஹியூ பிராசர் வீட்டு வாசல் அறுபத்தொரு மீட்டர் என்றது.
அறுபத்தொரு மீட்டரில் இருக்கிற வீட்டுக்குள்
ஆறு எதற்கு வரப்போகிறது?

ஆகவே கழிக்க வேண்டும்.
கடல் இந்த ஊர்வரைக்கும் உள்ளே வந்தால்
அடியிலுள்ள பாறையின் கனத்துக்கு
எங்கே ஏறி, எங்கே தாழ்ந்து நிற்கும் என்று
கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள்.
அதன் பூஜ்யம் கார்ன்வாலில், நியூலின் துறைமுகத்தில்.
ஆறு வருடம் அலையை எழுதி எழுதி எடுத்த சராசரி.
அந்தக் கோட்டில் கடல் ஒரு பகல் முழுக்க நின்றதில்லை.

கழித்தேன்.
ஏறக்குறைய ஐம்பது மீட்டர் போயிற்று.
பன்னிரண்டு புள்ளி பூஜ்யம் ஐந்து.
வாசல் ஊருக்குள் இறங்கி வந்தது.

பன்னிரண்டுக்குக் கீழிருந்தால் நகரசபை வெள்ளக்கதவு தரும்.
மேலென்றால் இல்லை.
பிராசர் சண்டை போடவில்லை.
மாடிப்படியின் முதல் படியில் ஒரு பென்சில் கோட்டைக் காட்டினார்:
2007 ஜூலை.
கோடுகளை அறிக்கையில் சேர்க்க முடியாது என்றேன்.
மரியாதையாகத்தான் சொன்னேன்.

தேவாலயச் சுவரில் பழைய குறி ஒன்று:
செதுக்கிய கோடு, அதைத் தாங்கும் அம்பு.
முதல் நாளே சரிபார்த்திருக்க வேண்டியது,
அறிக்கை போன பிறகு பார்த்தேன்.
கோயில் இருபது சென்டிமீட்டர் எழும்பியிருந்தது.

கல் கட்டடம் அமிழும்.
எண்ணூறு வருடத்தில் சாயும், விரியும்.
எழும்பாது.

வேனுக்குப் பின்னால் மழையில் நின்று கோலைத் திருப்பிப் பார்த்தேன்.
கொக்கி இரண்டு மீட்டர் துளையில்.
கருவியில் என் கையால் தட்டிய எண் ஒன்று புள்ளி எட்டு.
காற்றுக்காகக் குட்டையாக வைத்திருந்ததை
எங்கோ ஒரு வாசலில் நீட்டியிருக்கிறேன்.
விண்ணில் இருபதாயிரம் கிலோமீட்டரில் பிழையில்லை.
ஐம்பது மீட்டரை ஒழுங்காகக் கழித்த கை
ஒரு சாணை மறந்துவிட்டது.

சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள்.
ஏறியது நானில்லையே, வீடுகள்.

ஆல்வினைக் கூப்பிட்டேன்.
வெகுநேரம் அவர் பக்கம் வைப்பர் சத்தம் மட்டும்.
“எல்லாவற்றிலும் அதே இருபதா? கணினியிலேயே கழித்துவிடேன்.”
எந்த வாசலில் நீட்டினேன் என்று தெரியாது என்றேன்.
“அப்படியானால் நாற்பத்தொன்றும்” என்றார்.
வேறு எதுவும் சொல்லாதது
திட்டியதைவிட நீளமாக இருந்தது.

ஞாயிறு. மறுபடி முதல் வாசல்.
இம்முறை கோலை நாடா வைத்து அளந்தேன், ஒவ்வொரு வீட்டிலும்.
நாய் குரைத்தது. யாரோ திரையை விலக்கி மூடினார்கள்.
ஏழு வீடுகள் பன்னிரண்டுக்குக் கீழே வந்தன.
பிராசருடையது பதினொன்று புள்ளி எட்டு ஐந்து.

“வீடு இறங்கிவிட்டதா?”
இல்லை, அது அங்கேயேதான் இருந்தது என்றேன்.
என் தப்பு என்று சொல்ல இன்னொரு மூச்சு தேவைப்பட்டது.
சொன்னேன்.

அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்து நீட்டினார்.
மண்டியிட்டு, தரையிலிருந்து கோடு வரை அளந்து,
அதன் பக்கத்தில் 11.96 என்று எழுதினேன்.
எங்கிருந்து அது, என்று கேட்டார்.
நியூலினிலிருந்து.
“நான் போனதில்லை.”
நானும்தான், என்றேன்.