பதினெட்டு பாகை

இரவு பஸ்ஸில் பதினொரு மணித்தியாலம்
மடியில் ஊறுகாய்ப் போத்தல் போல வந்தான்.
மீன் குஞ்சா, என்றார் கண்டக்டர்.
ஆமா என்றேன். சலமந்தர் என்றால்
இன்னொரு டிக்கெட் கேட்பாரோ என்று பயம்.

நாலு மாதக் குஞ்சு. என் நடுவிரல் நீளம்.
கழுத்தில் இந்தப் பக்கம் மூன்று அந்தப் பக்கம் மூன்று
சிவப்புத் தோகை.
பெயர் பனியன்.
பனிக்காலத்தில் வாங்கியதால் வைத்தது,
உள்ளாடையை நினைத்துச் சிரிப்பவர்கள் சிரிக்கலாம்.

பொகவந்தலாவையில் குழாய்த் தண்ணீரே போதும் அவனுக்கு.
கொக்குவிலில்,
பதினெட்டு பாகை கேட்கிறவனுக்கு
வெப்பமானி முப்பத்தொன்று காட்டியது.
கேத்திலின் அடியில் ஒரே வாரத்தில் சுண்ணாம்புத் தட்டு.
இரண்டாம் நாள் சாப்பிடவில்லை.
நாலாம் நாள் தோகை முன்பக்கம் சுருண்டது.
ஐந்தாம் நாள், இடது தோகை நுனியில்
காதுக்கு வைக்கிற அளவு பஞ்சு.

ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில்
பகல் முழுக்கப் பிறர் இரத்தம் எண்ணுகிறவள் நான்.
பூஞ்சையை எனக்குத் தெரியும்.
தெரிவது வேறு,
இரவு இரண்டு மணிக்கு டோர்ச் அடித்து
அசைகிறானா என்று பார்ப்பது வேறு.

ஃப்ரிட்ஜில வைங்க அக்கா, என்றான் விற்ற பையன் போனில்.
ஃப்ரிட்ஜ் கீழ்வீட்டில், கோசலாதேவி அக்காவுடையது.
வாடகை ஒப்பந்தத்தின் நாலாவது வரி:
மச்சம் மாமிசம் உள்ளே வரக்கூடாது.

சோற்றுப் பெட்டியைத் திறந்து காட்டினேன்.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக் குனிந்தார்.
"மீனோ?"
"இல்லைங்க."
"பல்லியோ?"
"இல்லைங்க."
"பின்னை என்ன சாதி?"

இந்த ஊரில் வீடு தேடிய மூன்று கிழமையில்
எத்தனையோ வாசலில்
எனக்கே வந்த கேள்வி அது.
சொன்ன பிறகு அவருக்கும் கேட்டிருக்க வேண்டும்.
தயிர்ச் சட்டியை மேல் தட்டுக்கு மாற்றினார்.
"மூடி இறுக்கமோ?" என்றார், அவ்வளவுதான்.

காலையும் மாலையும் தேயிலைக் குளியல், பத்து நிமிடம்.
அம்மா அனுப்பிய டஸ்ட். சீனியில்லை, பாலில்லை,
ஆற வைத்து வடித்தது.
பல்லியைக் குளிப்பாட்டவா தேத்தூள் அனுப்பினேன்
என்று வைதாள் அம்மா.
பிறகு, மிச்சத்தைக் கொட்டிடாத, என்றாள்.

மாற்றும் தண்ணீரைக் குளிர வைக்க
குருநகரில் ஐஸ்.
மீன் பெட்டிக்கு உடைக்கிற கட்டியில்
ஒரு மூலை தருவார் ராயப்பு.
எதுக்குப் பிள்ளை என்றபோது
கால் போனால் திரும்ப முளைக்கிற உயிர் என்று
யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.
அவருக்கு வலது முழங்காலுக்குக் கீழே பிளாஸ்டிக்.

உளியை வைத்தார்.
"எவ்வளவு நாள் எடுக்கும்?"
"ரெண்டு மாசம்."
"அவ்வளவுதானோ."
காசை எண்ணி மிச்சம் தந்தார்.
ஒரு ரூபாயும் குறைக்கவில்லை.

ஒன்பதாம் இரவு கரண்ட் போனது.
படியில் தடவித் தடவி இறங்கினேன்.
குசினி இருட்டில்
ஃப்ரிட்ஜ் கதவில் முதுகைச் சாய்த்து
நிலத்தில் இருந்தார் கோசலா அக்கா.
"திறக்காதை பிள்ளை, குளிர் போயிடும்."
பக்கத்தில் உட்கார்ந்தேன். நுளம்பு.
தபால் கந்தோரில் வேலை அவருக்கு,
முகவரி பிழைத்த கடிதங்களைப் பற்றி
என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார்.
பாதிதான் கேட்டேன்.
காது பெட்டியில் இருந்தது.

பதினோராம் நாள்
மண்புழுத் துண்டை இடுக்கியில் ஆட்டினேன்.
வாயைத் திறந்தான்.
விழுங்கினானா துப்பினானா தெரியவில்லை.

பதின்மூன்றாம் நாள் விடிய,
பெட்டி மூலையில் கடுகளவு கறுப்பு.
இதை எத்தனை குப்பியில் பார்த்திருப்பேன்,
முகத்தைச் சுளித்துக்கொண்டு.
படியில் ஓடி வந்து
"பேண்டுட்டான்!" என்று கத்தினேன்.

விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தார்.
"சத்தம் போடாதை. சாமி அறை."

திரியைத் தூண்டினார்.
பிறகு, மெதுவாக,

"என்ன நிறம்?"