நியூட்ரல்

டுலூத்தில் ஏப்ரல் வந்தும்
உப்பு விடவில்லை.
ஏரிக்காற்று அதைச் சாலையிலிருந்து கிளப்பி
கதவுகளின் அடியில் வெள்ளையடித்துவிடுகிறது.
காலை எட்டுக்கே வரிசையில் பதினோரு வண்டிகள்.

கழுவும் சுரங்கத்தின் வாயிலில் நான்:
ரப்பர் பூட்ஸ், வாளியில் சோப்புத் தண்ணீர்,
இடுப்பில் நீல டேப் உருளை.
சட்டையில் 'வெர்னா' என்று தைத்திருக்கிறது.
வெர்னா போன வருஷமே வேலையை விட்டவள்.
யாரும் என் பெயரைக் கேட்கவில்லை,
நானும் தையலைப் பிரிக்கவில்லை.

ஆன்டெனாவைக் கழற்றி உள்ளே வையுங்கள்.
பக்கக் கண்ணாடிகளை மடியுங்கள்.
பின்பக்க வைப்பரை நானே கட்டுகிறேன்:
இரண்டு சுற்று போதும்,
மூன்றாவது என் நிம்மதிக்கு.
அப்புறம், தயவுசெய்து,
மழை பார்க்கும் சென்ஸாரை அணையுங்கள்.

இதைத்தான் யாரும் காதில் வாங்குவதில்லை.
முன்கண்ணாடியின் நெற்றியில்
பொட்டளவு ஒரு கண்.
முதல் துளி விழுந்ததுமே
மழை என்று நம்பிவிடும்.
கடமை தவறாத வைப்பர் எழுந்து நிற்கும்,
அந்த நேரம் பார்த்துத்
துணித்தூரிகை நூறு நாக்கோடு இறங்கும்.
முறிந்த கையை
வடிகால் கம்பியிலிருந்து நான் பொறுக்குவேன்.

ஆபீஸில் ஒரு அட்டைப்பெட்டி.
ஆன்டெனா பதினேழு, வீல் மூடி நான்கு,
ஏதோ ஒரு வண்டிப் பெயரின்
கடைசி எழுத்து மட்டும்.
மேலே சுவரில் முதலாளி பெர்ட்டிலின் கையெழுத்து:
சேதத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.

புது வண்டிகள் ரொம்பப் பயப்படுகின்றன.
தூரிகையைச் சுவர் என்று நினைத்துத்
தாமே பிரேக் போட்டுக்கொள்கின்றன.
பழைய வண்டிகளுக்கு அபிப்பிராயமே கிடையாது.

செவ்வாய்க்கிழமை ஹோக்கன்சன் வந்தார்,
சாம்பல் நிற சுபாரு.
சொன்னதையெல்லாம் செய்தார்,
சென்ஸாரைக்கூடக் கையேடு பார்த்து அணைத்தார்.
"நியூட்ரல். பிரேக்கிலிருந்து காலை எடுங்கள்.
ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுங்கள்."
"எதையும் பிடிக்கக் கூடாது, அவ்வளவுதானே?"
"மூன்று நிமிஷம்தான்."

இரண்டாவது நிமிஷம்
நுரைக்குள் அவருடைய பிரேக் விளக்கு
சிவப்பாகப் பூத்தது.
தள்ளும் உருளை டயருக்கடியில் நழுவியது.
பின்னால் ஒரு நர்ஸின் மினிவேன்,
அது நின்றபாடில்லை.
சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் அறைந்தேன்.

எல்லாம் நின்றது. சொட்டுச் சத்தம் மட்டும்.
இரண்டு பம்பருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி.
நுரையில் நடந்து போய் ஜன்னலைத் தட்டினேன்.
ஒரு அங்குலம் இறக்கினார்.

"பின்னால் உருண்டுவிட்டேன்."
"இல்லை, முன்னால்தான் போனீர்கள்.
துணிதான் உங்களைத் தாண்டிப் போனது."
"கால் தானாகப் போய்விட்டது."
"போகும்."
ஐம்பது வருஷம் பிரேக் மிதித்த கால்.
அதை அணைக்கும் பொத்தான்
எந்தக் கையேட்டிலும் இல்லை.

அடுத்த செவ்வாயும் வந்தார்.
பின் வைப்பரில் என் நீல டேப், மூன்று சுற்று.
அன்றைய களேபரத்தில் உரிக்க மறந்தது நான்.
ஞாயிறன்று ஆறு அங்குலப் பனி வேறு.
பின்கண்ணாடி முழுக்க வெள்ளை,
ஒரு விரல்தடம்கூட இல்லை.

"வாரம் முழுக்க இப்படியா ஓட்டினீர்கள்?"
"நீங்கள் கட்டியது. அவிழ்க்கலாமா கூடாதா என்று
தெரியவில்லை" என்றார் ஹோக்கன்சன்.

நகத்தால் முனையைத் தேடி இழுத்தேன்.
பசை குளிரில் இறுகியிருந்தது.
டேப்போடு எள்ளளவு கறுப்பு பெயின்ட்டும் வந்தது.
அவர் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.
பார்க்கவில்லை.
டேப்பைக் கசக்கிப் பைக்குள் போட்டு,
மறுபடி எடுத்து,
ஜன்னல் பக்கம் போய்க் காட்டினேன்.

"உங்கள் சுவரில் எழுதியிருக்கிறதே" என்றார்,
நான் சொல்லாமலே நியூட்ரலுக்கு மாற்றியபடி.

பின்னால் ஹார்ன் அடித்தார்கள்.
புது டேப் கிழித்தேன்.
இந்த முறை இரண்டே சுற்று.