பாத்திரத்தின் அடியில்

மானிட்டோபாவில் மைனஸ் முப்பது.
சபைக் கூட்டம் கலைந்த பிறகு
காப்பிக் கோப்பைகளைக் கழுவுகிறாள்
எல்ஃப்ரீடா பென்னர்.

மூப்பர் டீட்ரிக் கதவருகே வந்து நிற்கிறார்,
பனிச் சப்பாத்தைக் கழற்றாமல்.
"பெண்களும் பிரசங்கிக்கலாம் என்று கை தூக்கினாயே,
நீ என்ன, பெண்ணியவாதியா?"
வியாதியின் பெயரை விசாரிக்கிற குரல்.

பதில் இருந்தது. காலையிலிருந்தே இருந்தது:
விடியுமுன் கல்லறைக்குப் போனவர்கள் யார்,
அவர்கள் ஓடிவந்து சொன்னதை
வீண்பேச்சு என்றவர்கள் யார்.
ஆனால் முழங்கை வரை சோப்பு நுரை.

விருந்துக்குக் கொண்டுவந்த கண்ணாடித் தட்டைக் கவிழ்த்தாள்.
அடியில், மஞ்சளேறிய ஒட்டுத்தாளில்
திருமதி யாக்கோபு பென்னர்.
யாக்கோபு போய் ஒன்பது வருஷம்.

"நாற்பத்தோரு வருஷமாய் இந்தச் சீட்டு.
வேதத்தில் எங்கே இருக்கிறது என்று
யாரும் கேட்டதில்லை, டீட்ரிக்.
தலையில் தண்ணீர் வார்த்த அன்றைக்கு
எல்ஃப்ரீடா என்றுதான் கூப்பிட்டார்கள்.
உங்கள் சொல்லையும் வேண்டுமானால் ஒட்டிவையுங்கள்.
தட்டில் இடம் இருக்கிறது."

நகத்தால் ஓரத்தைச் சுரண்டுகிறாள்.
வரமாட்டேன் என்கிறது பசை.

அவர் சப்பாத்துப் பனி உருகி
தரையில் குளமாகிறது.
துடைப்பான் கதவுக்குப் பின்னால்,
அவர் கைக்கு எட்டும் தூரத்தில்.
அவள் எடுத்துக் கொடுக்கவில்லை.