வகுக்க எண் இல்லை

டாஷ்போர்ட் பெட்டிக்குள் ஒரு நீலக் கொப்பி.
முந்தின சொந்தக்காரர் தெமட்டகொடையில் பல் வைத்தியர்;
என்றாலும் வாசிக்கக்கூடிய கையெழுத்து.
அவருடைய கடைசி வரி: பிறேக் ஷூ, நாளைக்கு.
அந்த நாளை என் செலவில் விடிந்தது.

அதற்குக் கீழே நான் தொடர்ந்தேன்.
கிளச் பிளேற், பஞ்சிகாவத்தை, பாவித்தது.
வைப்பர் ரப்பர் ஒன்று. மற்றது மழை வந்தால்.
றேடியேற்றருக்குத் தண்ணீர். காசில்லை,
ஆனாலும் எழுதினேன்.

மாதக் கடைசியில் செலவைத் தூரத்தால் வகுப்பேன்:
கிலோமீற்றருக்கு நாற்பத்தொரு ரூபாய்.
பஸ்ஸை விடக் கூட, ஓட்டோவை விடக் குறைவு.
என் சம்பளம் நிற்கிற இடமும் அதுதான்.

பம்பலப்பிட்டிச் சந்தியில், சிவப்பு விளக்கில்,
இரண்டு லட்சத்து எண்பத்தேழாயிரத்து நானூற்றுப் பதினாறில்
மீற்றர் நின்றது.
விளக்கு மாற, கார் போனது.

"எஞ்சினுக்கு ஒண்டுமில்ல அக்கா,
கேபிள்தான் அறுந்திருக்கு," என்றான் நிஸ்தார்.
"ஐயாயிரம் வரும். மாத்துவமா?"

கொப்பியைத் திறந்து பேனையை எடுத்தேன்.
ஐயாயிரத்தை எதால் வகுப்பது?

இப்போதும் வெள்ளவத்தையிலிருந்து பத்தரமுல்லைக்குத்
தினமும் போய் வருகிறோம்,
ஒரு கிலோமீற்றரும் கூடாமல்.
பெற்றோல் மட்டும் குறையுது.