நாற்பத்திரண்டு அங்குலம்

சீட்டு எனக்கு விழுந்தது ஆவணியில்,
ஆறாவது ஆளாக. தொண்ணூற்றிரண்டாயிரம்.
மச்சாள் பிரிட்ஜ் எண்டாள்.
கேதீசன் ஒன்றும் சொல்லவில்லை.
அளவுநாடாவை எடுத்துக்கொண்டு போய்
வீட்டுத்திட்டச் சுவரின் முன்னால் நின்றான்.

எந்த ரீவி என்பதல்ல,
எந்தச் சுவர் என்பதுதான் முதலில் வந்தது.
அவனுக்கு இடது காது கேட்காது.
ரீவியைப் பார்த்துக்கொண்டு இருக்கும்போது
வாசல் வலப்பக்கம் வரவேண்டும்.
நானும் வலப்பக்கம்.
அப்படிப் பார்த்தால் கிழக்குச் சுவர்தான்.
அதுதான் பூசாத சுவர்.

கரடிப்போக்குச் சந்தியில் கடை.
பதினொரு ரீவியிலும் ஒரே நீர்வீழ்ச்சி
பதினொரு தரம் விழுந்தும்
உள்ளே ஒரு சொட்டுக் குளிர் இல்லை.
அந்த வெக்கையிலும் கழுத்துப்பட்டி கட்டிய பொடியன்,
கஜரூபன் என்று நெஞ்சில் எழுதியிருந்தது,
"வெளிச்ச வீடோ, இருட்டு வீடோ அக்கா?" என்றான்.

இப்படி ஒருவரும் இதுவரை கேட்டதில்லை.
ஆறு மணிக்குப் பிறகு இருட்டு, என்றேன்.

"அப்ப பிளாஸ்மாதான்.
எல்சிடியில கறுப்பு எண்டால் சாம்பல்.
இதில கறுப்பெண்டால் கறுப்பு."
இரண்டிலும் ஒரே இரவைப் போட்டுக் காட்டினான்.
ஒன்றில், நனைந்த சாம்பல்மேடு.
மற்றதில்,
காட்டுக்குள் ரோர்ச்சை அணைத்தவுடன்
முகத்தில் வந்து ஒட்டுமே, அது.
கேதீசன் அரை அடி பின்னால் போனான்.

கரண்ட்?
"கொஞ்சம் குடிக்கும்."
எவ்வளவு கொஞ்சம்?
"ஸ்திரிப்பெட்டியில கால்வாசி."
பாரம்?
"அரை மூட்டை நெல்லுக்குக் கிட்ட."
விலை சொன்னான். ஒரு லட்சத்துப் பதினெட்டு.
"லீசிங் போடலாம்" என்றான்.
நாங்கள் இரண்டுபேரும் ஒரே நேரத்தில்
கடையின் கூரையைப் பார்த்தோம்.

வாசலுக்குப் பக்கத்தில் ஒன்று அணைந்து நின்றது.
அதே அளவு. எண்பத்தாறு.
ஏன் என்று கேட்டதும் பொடியனின் குரல் இறங்கிவிட்டது.
"அதில ஒரு தழும்பு இருக்கு அக்கா.
எட்டு மாசம், திறக்கிறதில இருந்து பூட்டுமட்டும்
ஒரே படம்தான் போட்டிருந்தம்.
எழுத்துப் பிடிச்சிட்டுது. இனிப் போகாது."

போட்டுக் காட்டினான்.
நீல வானம். கீழே,
சரியாக அழிக்காத சிலேற்றில் மாதிரி
நல்வரவு.
கிரிக்கெட் போட்டான். பச்சைப் புல்லில்
நல்வரவு. அதன்மேல் ஓடுகிறார்கள்.
இரவைப் போட்டான். ஒன்றும் தெரியவில்லை.

"ஒரு சொல்தானே" என்றான் கேதீசன்.
பிறகு, "கெட்ட சொல்லுமில்லை."

எண்பத்திரண்டுக்கு முடிந்தது.

பிளாஸ்மாவைப் படுக்கவைக்கக் கூடாதாம்.
லான்ட்மாஸ்ரர்ப் பெட்டியில் நிமிர்த்தி வைத்து,
சுற்றிவர வெறும் உரப்பை அடைந்து,
வட்டக்கச்சிமட்டும் நான் கட்டிப்பிடித்து வந்தேன்.
பள்ளம் வரும்போதெல்லாம்
அது என் தோளில் சாய்ந்தது.

கல்லில் ஆணி நிற்கவில்லை.
தையல் மேசையில் நிற்கிறது இப்போது.
மிச்சக் காசில் ஸ்ரெபிலைசரும்
இரண்டு பை சீமெந்தும் வாங்கினோம்.
சீமெந்து கட்டிலுக்குக் கீழே.
ஆறரைக்கு வோல்ற்றேஜ் விழும்,
ஸ்ரெபிலைசர் நாக்கைச் சப்புக்கொட்டும்,
ஒன்பதுக்குத்தான் நிறம் நிறமாகும்.

செய்தி வாசிப்பவளின் சேலையில் நல்வரவு.
கடல் கொந்தளிப்பு அறிவிப்பில் நல்வரவு.
இரண்டாம் வகுப்பு இசைவிழி
எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுச் சொன்னாள்,
"அம்மா, இதில புள்ளி இல்லை. நலவரவு."
உண்மைதான். அந்தச் சின்னப் புள்ளி
எட்டு மாசத்திலும் பதியவில்லை.
வானம் வரும்போதெல்லாம் எழும்பிப் போய்
விரலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு வருகிறாள்.
அந்த இடத்தில் இப்போது எண்ணெய் வட்டம்.

நேற்றிரவு படலையில் யாரோ கூப்பிட்டார்கள்.
எனக்குக் கேட்கவில்லை.
அவன்தான் முதலில் திரும்பினான்.

மச்சாள்.
பிரிட்ஜைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை.
செருப்பைக் கழற்றிவிட்டு வந்து
ரிமோட்டை என் மடியிலிருந்து எடுத்து
சத்தத்தைக் கூட்டினாள்.