எர்த்

தோபேக்கா தூக்கி வந்த பெட்டிக்குள்
கரப்பான் முட்டை, கடலுப்பு.
அறுந்த கைப்பிடிக்குப் பதில் ஒரு பேன்ட் பெல்ட்.
லாமோன்ட்வில் சர்ச்சில் ஞாயிறுதோறும் கிட்டார் வாசிக்கிறாள்.
அடகுக்கடையில் எண்ணூறு ராண்டுக்கு எடுத்தாளாம்.
“இரையுது. நடுவுல இருமுது.
அப்புறம்,
பாடும்போது மைக் என் உதட்டைக் கடிக்குது.”

அவள் கடைசியாகச் சொன்னதை
நானும் கடைசிக்கென்று வைத்துக்கொண்டேன்.

மியர்பேங்கில் எட்டு மணிக்கு லோட் ஷெடிங்.
அதற்குள் முடிக்க வேண்டும்.
முதுகுப் பலகையைக் கழற்றியதும்
வலக்கையைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.
ஒரு கைதான் உள்ளே போகலாம்;
இரண்டும் போனால்
நெஞ்சு அதற்குப் பாலமாகிவிடும்.
பிளக்கைப் பிடுங்கிய பின்னும்
நானூறு வோல்ட்டை விழுங்கிவிட்டு
ஒன்றும் தெரியாததுபோல் நிற்கும் கபாசிட்டரை
ரெசிஸ்டர் வைத்து மெல்லக் கறந்தேன்.
மீட்டர் முள் இறங்கி, இறங்கி,
பூஜ்யத்தில் சாய்ந்தது.

இரைச்சல் சுலபம்.
வயிறு வீங்கிய இரண்டை எடுத்துவிட்டுப் புதுசு போட்டேன்.
இருமல்தான் ஒளிந்து விளையாடியது.
டியூப்களைப் பென்சிலால் தட்டிப் பார்த்தேன்.
முதல் டியூப்
காதில் விழுந்ததை அப்படியே
ஸ்பீக்கரிடம் போய்ச் சொல்லும் ரகம். மாற்றினேன்.
அப்போதும் இருமியது.
ஹேர் டிரையரால் சூடு காட்டினால் போகிறது,
விசிறி போட்டால் வருகிறது.
அரை மணி நேரம் கழித்து
சாம்பல் பூத்த ஓர் ஈயப்பொட்டு அகப்பட்டது,
தொட்டால் ஆடும் பால்பல்லாக.

மணி ஏழு இருபது.
கடி மட்டும் பாக்கி.

பிளக்கைத் திறந்தேன்.
மூன்று காலில் தடித்த காலுக்கு
வர வேண்டிய மஞ்சள்பச்சைக் கம்பி
பாதியில் வெட்டுண்டு
நீல டேப்புக்குள் தூங்கிக்கொண்டிருந்தது.
டேப் இடக்கைச் சுற்று.
பிறகு பிரிக்க வசதியாக
நுனியைக் கிள்ளி மடித்திருந்தது.

எனக்கு அப்படித்தான் வரும்.

எண்பத்தேழு. ஒரு கல்யாண மண்டபம்.
மணப்பெண் கார் வாசலுக்கு வந்துவிட்டது.
பூபாலன் மேடையில் நிற்கிறான்,
இவன் பெட்டிக்கும் மைக் பெட்டிக்கும் நடுவே
விடாத ஓர் உறுமல்.
எனக்குப் பத்தொன்பது வயசு.
ஒரே வெட்டு.
உறுமல் செத்தது. கைதட்டினார்கள்.
நாற்பது ராண்டும் ஒரு தட்டு பிரியாணியும் கிடைத்தன.

மண்ணுக்குப் போகும் வழியை அடைத்தால்
அது சும்மா இருக்குமா,
ஈரமான வழியாகப் பார்த்துப் போகும்.

அதற்குப் பிறகுதான் பூபாலன்
தலையைப் பின்னுக்கு இழுத்து,
மைக்குக்கு ஒரு சாண் தள்ளி நின்று
பாட ஆரம்பித்தான்.
ஸ்டைல் என்றோம்.
சாட்ஸ்வொர்த் பையன்கள் பாதிப் பேர்
கண்ணாடி முன் நின்று
அந்த இழுப்பைப் பழகினார்கள்.
நானும் பழகினேன்.

ஏழே முக்காலுக்கு வந்தாள் தோபேக்கா.
வாசித்துப் பார்த்தாள். உதட்டை மைக்கில் வைத்து
ஒரு வரி பாடினாள், இன்னும் கொஞ்சம் நெருங்கினாள்.
“கடிக்கல. ஆனா அடியில ஏதோ லேசா முனகுதே?”
எர்த் சேர்த்தால் கொஞ்சம் முனகும் என்றேன்,
இருக்கட்டும் என்றேன்.
யார் வெட்டினார்கள் என்று அவள் கேட்ட நொடி
கரண்ட் போனது.

அவள் இழுத்திருந்த கார்டு உடனே நிற்கவில்லை.
டியூப்கள் செம்மஞ்சளாகவே இருக்க,
தேக்கி வைத்த கொஞ்சத்தில்
இரண்டு மூன்று நொடி பாடி,
தளர்ந்து, அடங்கியது.

இருட்டில் சொன்னேன்.

அவள் ரொம்ப நேரம் பேசவில்லை.
பிறகு, “அந்தப் பாட்டுக்காரர் இருக்காரா?”

இருக்கிறான். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில்
இன்ஷூரன்ஸ் விற்கிறான்.
போன வருஷம் ஒரு சாவு வீட்டில்
இரண்டு வார்த்தை பேசக் கூப்பிட்டார்கள்.
பேட்டரி மைக், ஒயரே கிடையாது.
அதையும் ஒரு முழம் தள்ளித்தான் பிடித்தான்.
பின்வரிசையில் இருந்த எங்களுக்கு
ஒன்றும் கேட்கவில்லை.