பதினொரு விநாடி

லா சப்பல் மேம்பால மெத்ரோ.
பெப்ரவரி, இரவு பத்தேகால்.
ஒருநாள் படப்பிடிப்புக்கு அனுமதி கேட்டால்
இரண்டு மாத வாடகை போய்விடும்.
அதனால்தான் கோட்டுப் பைக்குள் அடங்கும் இந்தக் கமரா,
கல்யாண வீட்டில் மாமாமார் தூக்கித் திரிவார்களே, அதே ஜாதி.
குளிருக்குப் பற்றரி படுத்துவிடும்.
மற்றதைக் கக்கத்தில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு நின்றேன்.
மூன்றாம் தடவையாகப் பிரிந்துகொண்டிருந்தார்கள்
துளசிகாவும் பிரணவனும்.

காவலர் வந்தார்.
"சுற்றுலாவா?"
ஓம் என்றேன்.
பதினான்கு வருஷம் இதே ஊரில் கோப்பை கழுவி
அன்றைக்குத்தான் சுற்றுலா வந்தேன்.

மனுஷன் இளகிப்போனார்.
கமராவை வாங்கி
இருவரையும் நெருங்கி நிற்கச் சொன்னார்.
அழுத்தியது வீடியோ பொத்தானை.

சரிந்த தண்டவாளம்,
ஓரத்தில் கையுறை விரல்,
அன், தெ, த்ருவா என்று தடித்த குரல்,
அழுத கண் காயாமல்
அவசரமாய்ச் சிரிக்கிற துளசிகா.

எடிட்டில் ஏழு தடவை வெட்டி எறிந்தேன்.
அது இல்லாத படத்தில்
இவர்கள் பிரிந்தால் பிரியட்டுமே என்றிருந்தது.
திரும்பச் சேர்த்தேன்.

ஒளிப்பதிவு என்று என் பெயர்தான் ஓடுகிறது.
அவருடையதை நான் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
அவரும் என்னுடையதைக் கேட்டிருப்பார்.